ஸ்டேஷனுக்கு ஒரு ஸ்டார், இலவச வக்கீலுக்கு நாலரை

இதுவரை ஹோட்டல், மிக்சி, ஆம்னி பஸ் என்றுதான் எழுதியிருக்கிறேன். இந்தத் தடவை யாரும் விரும்பிப் போகாத ஒரு சேவையைப் பற்றி. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையைப் போலீஸ் பிடித்துவிட்டால் ஸ்டேஷன், இளைஞர் நீதிக் குழுமம் (சிறுவர் வழக்கை விசாரிக்கும் குழு), இலவச சட்ட உதவி வக்கீல், கூர்நோக்கு இல்லம் (விசாரணைக் காலத்தில் பிள்ளையை வைக்கும் இடம்), நன்னடத்தை அலுவலர் (வீட்டுச் சூழலை விசாரித்து அறிக்கை தருபவர்) என்று அரசாங்கம் வரிசையாக ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது. அந்த வரிசை முழுக்க ஐந்து மாதம் அலைந்து திரும்பியிருக்கிறேன்.

பையன் என் அக்கா மகன். பெயர், ஊர், மாவட்டம், ஸ்டேஷன் எதையும் சொல்ல மாட்டேன். எனக்குப் பயம் என்று நினைக்க வேண்டாம், சட்டமே கூடாது என்கிறது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி, வழக்கில் சிக்கிய சிறுவனை அடையாளம் காட்டும் பெயர், முகவரி, பள்ளி, போட்டோ எதை வெளியிட்டாலும் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பத்திரிகை, டிவியோடு நிற்கவில்லை, வேறு எந்த வகைத் தகவல் தொடர்பும் அதில் அடக்கம். எங்கள் குடும்ப வாட்ஸப் குரூப்பில் அவன் போட்டோவைப் போட்டு "பாவம் பிள்ளை, எல்லாரும் வேண்டிக்கொள்ளுங்கள்" என்று எழுதிய சித்திக்கு இது தெரியாது. போன் பண்ணி அழிக்கச் சொன்னேன். சாமி கும்பிடுவதைக்கூடத் தடுக்கிறான் என்று இன்று வரை என்னோடு பேச்சில்லை.

நடந்தது இவ்வளவுதான். பையனுக்கு 16 வயது, பத்தாவது முடித்து ஐடிஐ போகிறான். ஒரு சனிக்கிழமை ராத்திரி, அடுத்த தெருவில் இருக்கும் 19 வயதுப் பையன் ஓட்டிய பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனபோது சோதனையில் மாட்டிக்கொண்டார்கள். பைக் அந்தப் பையனுடையது இல்லை. தனக்கு எதுவும் தெரியாது, பின்னால் உட்கார்ந்ததோடு சரி என்கிறான் நம் ஆள். நம்புகிறேனா என்று கேட்டால் முக்கால்வாசி.

ராத்திரி பதினொன்றரைக்கு யாரோ ஒருவர் போனிலிருந்து தகவல் வந்தது. அத்தான் லாரியில் வடக்கே போயிருந்தார், நானும் அக்காவும் ஓடினோம்.

ஸ்டேஷனுக்கு ஒரு ஸ்டார். அந்த ஒன்றும் எதற்கு என்று பிறகு சொல்கிறேன். சட்டப்படி என்ன நடக்க வேண்டும் தெரியுமா? ஒவ்வொரு ஸ்டேஷனிலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும், பையனை அவர் பொறுப்பில் விட வேண்டும். லாக்கப் கூடாது, விலங்கு கூடாது, பேசுகிறவர் யூனிஃபார்மில் இருக்கக் கூடாது, எந்த வாக்குமூலத்திலும் அவனிடம் கையெழுத்து கேட்கக் கூடாது, வீட்டுக்கு உடனே சொல்ல வேண்டும். இதெல்லாம் சட்டத்திலும் 2016 மாதிரி விதிகளிலும் தெளிவாகவே இருக்கிறது. நாங்கள் பார்த்தது வேறு. லாக்கப்பில் போடவில்லை என்பது உண்மை. லாக்கப்புக்கு வெளியே, ரைட்டர் மேஜைக்குக் கீழே, தரையில் குத்துக்காலிட்டு உட்கார வைத்திருந்தார்கள், சட்டை இல்லாமல். கையெழுத்து வாங்கியாகிவிட்டது. குழந்தைகள் நல அலுவலர் யார் என்று கேட்டேன், எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அதைவிடப் பெரிய விஷயம், அவனுக்கு வயது 19 என்று எழுதியிருந்தார்கள். "பார்த்தா அப்படித்தான் சார் இருக்கான், மீசையைப் பாருங்க" என்றார் ரைட்டர். மீசையைப் பார்த்து வயது போடுவதா?

இந்த ஒரு எண்ணில்தான் எல்லாம் இருக்கிறது என்பது எனக்கு அப்போது முழுதாகப் புரியவில்லை. 19 என்று போய்விட்டால் சாதாரண மாஜிஸ்திரேட் கோர்ட், அங்கிருந்து சிறை. 16 என்றால் வேறு சட்டம், வேறு அறை, வேறு ஆட்கள். நான் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். ஐடிஐ சேர்க்கைக்காக அவனுடைய பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டையும் டிசியையும் ஸ்கேன் பண்ணியது கடை கம்ப்யூட்டரில் அப்படியே கிடந்தது. ராத்திரி ஒரு மணிக்கு ஷட்டரைத் தூக்கி, நாலு காப்பி எடுத்து, ரைட்டர் மேஜையில் வைத்து, ஒரு காப்பியில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து கேட்டேன். தரவில்லை. ஆனால் 19ஐ அடித்து 16 ஆக்கினார்கள். வயதை முடிவு செய்ய முதலில் பள்ளிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்று, அது இல்லையென்றால் நகராட்சி, பஞ்சாயத்துப் பிறப்புச் சான்று, இரண்டுமே இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை என்று 94ஆம் பிரிவு வரிசைப்படுத்தியிருக்கிறது. மீசை அந்த வரிசையில் எங்கேயும் இல்லை. வீட்டில் பிள்ளைகள் இருப்பவர்கள் இந்தக் காகிதத்தைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள், இந்த முழு விமர்சனத்திலும் உங்களுக்கு உடனே பயன்படுவது இதுதான்.

ஒரு ஸ்டார் எதற்கு என்றேனே: 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும் என்ற விதியைப் பின்பற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமை குழுமம் கூடாது என்பதால் அதன் உறுப்பினர் ஒருவர் முன் நிறுத்தினார்கள், சட்டம் அதற்கு இடம் தருகிறது. சாயங்காலம் நாலு மணிக்கு அவரைப் பார்த்தார்கள், அடுத்த கூட்டம் வரை கூர்நோக்கு இல்லத்தில் வைக்கச் சொல்லி உத்தரவானது.

அங்கே வாசலிலேயே டீக்கடையில் ஒருவர் எங்களைப் பிடித்துக்கொண்டார். தனக்குத் தெரிந்த வக்கீல் இருக்கிறார், 25,000 ரூபாய், சொத்து வரி ரசீதோடு இரண்டு ஜாமீன்தார் தயார் பண்ணுங்கள், மூன்றே நாளில் பையன் வீட்டில் இருப்பான் என்றார். அக்கா கழுத்தில் கை வைத்துவிட்டாள். திங்கட்கிழமை காலையில் அடகுக்கடை திறப்பதற்கு முன்னால், கூர்நோக்கு இல்லத்தின் அலுவலகச் சுவரில் 15100 என்ற எண்ணைப் பார்த்தேன். இலவச சட்ட உதவிக்கான எண் அது. பாதி நம்பிக்கையில்தான் அடித்தேன், இலவசம் என்றால் நமக்கு ஒரு இளக்காரம் இருக்கிறதே, ரேஷன் அரிசி மாதிரி. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். வருமானச் சான்று வேண்டுமா என்று கேட்டேன். குழந்தைகளுக்கு வருமான வரம்பே கிடையாது, 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் வக்கீல் இலவசம் என்றார்கள். ஒரு மனு, ஒரு கையெழுத்து. அன்று மதியமே வக்கீல் நியமனம் ஆகிவிட்டது.

நாலரை ஸ்டார் வாங்கியவர் இவர்தான். முப்பது வயதுகூட இருக்காது, ஸ்கூட்டியில் வந்தார், பையில் கட்டுக் கட்டாகக் காகிதம். எங்களிடம் பேசுவதற்கு முன்னால் உள்ளே போய்ப் பையனிடம் தனியாக அரை மணி நேரம் பேசினார். வெளியே வந்து அக்காவிடம், "அம்மா, தாலிச் சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும், இதுக்கு ஜாமீன்தாரே தேவையில்லாம இருக்கலாம்" என்றார்.

இதை நான் நம்பவில்லை, வீட்டுக்கு வந்து இளைஞர் நீதிச் சட்டத்தின் 12ஆம் பிரிவை நானே படித்தேன். பெரியவர்களுக்கு ஜாமீனில் விடக்கூடிய குற்றம், விடமுடியாத குற்றம் என்று இரண்டு வகை உண்டல்லவா, சிறுவர்களுக்கு அந்தப் பேதமே பார்க்கக் கூடாது. எந்தக் குற்றமானாலும் ஜாமீன்தாரோடோ ஜாமீன்தார் இல்லாமலோ விடு, அல்லது நன்னடத்தை அலுவலர் மேற்பார்வையில் விடு என்பதுதான் விதி. மறுக்க மூன்றே காரணம்: வெளியே விட்டால் தெரிந்த குற்றவாளியோடு சேருவான் என்று நம்ப இடமிருக்க வேண்டும், அல்லது அவனுக்கே ஆபத்து இருக்க வேண்டும், அல்லது விட்டால் நீதியின் நோக்கமே கெட்டுப்போகும் என்ற நிலை இருக்க வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுதியாக வேண்டும். ஜாமீன் கொடுத்தும் நிபந்தனையை நிறைவேற்ற முடியாமல் ஏழு நாள் உள்ளேயே கிடந்தால், நிபந்தனையைத் தளர்த்துவதற்காகவே மறுபடி குழுமத்தின் முன் கொண்டுவர வேண்டும். டீக்கடை ஆள் கேட்ட சொத்து வரி ரசீதை நினைத்துச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

புதன்கிழமை குழுமம். நான் எதிர்பார்த்தது சினிமா கோர்ட், உயர்ந்த மேடை, கூண்டு, டவாலி சத்தம். அது ஒரு சாதாரண அறை. மேஜைக்கு அந்தப் பக்கம் மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்பது சட்டம், எங்களுக்கும் அப்படித்தான். பையனை நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். ஐடிஐயில் என்ன டிரேடு, வெல்டிங்கா ஃபிட்டரா என்று அந்த அம்மா கேட்டார், அவன் முதல் தடவையாக நிமிர்ந்து பதில் சொன்னான். குழுமத்துக்கு நாலு ஸ்டார் கொடுக்கலாம்தான், ஆனால் எங்கள் மாவட்டத்தில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் கூடுகிறது, ஒரு நாள் தள்ளிப்போனால் ஒரு வாரம் போனது மாதிரி. மூன்றரை.

ஜாமீன் அன்றைக்கே கிடைக்கவில்லை. அந்த 19 வயதுப் பையன் மேல் ஏற்கெனவே இரண்டு வழக்கு இருக்கிறது, இவன் அடுத்த தெரு, அப்பா ஊரில் இருப்பதில்லை, வெளியே விட்டால் மறுபடி அவனோடுதான் சேருவான் என்றது போலீஸ் தரப்பு. "சேருவதற்கு அவனே உள்ளே இருக்கானே" என்றார் நம் வக்கீல். எல்லாரும் சிரித்தார்கள், ஆனாலும் நன்னடத்தை அலுவலர் அறிக்கை வரட்டும் என்று அடுத்த புதனுக்குப் போட்டார்கள். மொத்தம் பத்து ராத்திரி உள்ளே. பத்தாம் ராத்திரி முடிந்த புதன்கிழமை, அவன் என் வீட்டில் தங்குவான் என்று நான் எழுதிக்கொடுத்து, அக்கா சொந்தப் பிணையில் கையெழுத்துப் போட, விட்டார்கள். ரசீது, ஜாமீன்தார் எதுவும் இல்லை. வக்கீலுக்கு அரை ஸ்டார் குறைத்ததற்குக் காரணம் போன். எடுக்கவே மாட்டார். ஒரு வாய்தாவுக்கு வேறு ஒருவரை அனுப்பினார், அவருக்குப் பையன் பெயரே தெரியவில்லை. அத்தனை வழக்கை ஒருவர் தலையில் கட்டினால் அப்படித்தான் ஆகும், ஆனால் நமக்கு அது நம் பிள்ளை.

அந்த வாரம் எனக்குப் புனே விஷயம் அடிக்கடி நினைவுக்கு வந்தது. 2024 மே 19, போர்ஷே கார், ஓட்டியது 17 வயதுப் பையன், இரண்டு பேர் செத்தார்கள், அன்றைக்கே அந்த ஊர்க் குழுமம் விபத்தைப் பற்றி 300 வார்த்தையில் கட்டுரை எழுதச் சொல்லி ஜாமீன் கொடுத்தது. நாடே கொதித்தது, நானும் கொதித்தேன், வாட்ஸப் ஸ்டேட்டஸ்கூட வைத்தேன். பிறகு அவனை இல்லத்துக்கு அனுப்பினார்கள், அப்படி அனுப்பியது சட்டப்படி தப்பு என்று பம்பாய் உயர் நீதிமன்றம் ஜூன் 25 அன்று விடுவித்தது. இப்போது யோசித்தால் அந்தப் பையனுக்குச் சட்டம் கொடுத்ததைத்தான் கொடுத்திருக்கிறது, கட்டுரைதான் கேலிக்கூத்து. பைக்கில் பின்னால் உட்கார்ந்த பையனுக்கு அதே சட்டம் வந்து சேர பத்து நாள் ஆனது, அதுவும் மாமா ஜெராக்ஸ் கடை வைத்திருந்ததால்.

கூர்நோக்கு இல்லத்துக்கு வருவோம். இரண்டரை. கட்டடம் பழையது, ஆனால் பெருக்கித் துடைத்துத்தான் வைத்திருந்தார்கள். கேரம் போர்டு, ஒரு டிவி, காலையில் பாடம் சொல்ல ஓர் ஆசிரியர். சாப்பாட்டைப் பற்றிப் பையன் சொன்ன ஒரே குறை, "மாமா, ஆறு மணிக்கே ராத்திரி சோறு போட்டுடறாங்க, பதினொரு மணிக்குப் பசிக்குது." வெளிச் சாப்பாடு அனுமதி இல்லை, அக்கா கொண்டுபோன மீன் குழம்பு இரண்டு தடவை வீட்டுக்கே திரும்பியது. வயது, குற்றத்தின் தன்மை, உடல், மனநிலை எல்லாம் பார்த்துப் பிரித்து வைக்க வேண்டும் என்கிறது சட்டம். அங்கே இருந்தது இரண்டே ஹால், மீசை முளைக்காததும் தாடி வைத்ததும் ஒன்றாகத்தான் படுத்திருந்தன. புகார்ப் பெட்டி இருக்கிறது, கண்காணிப்பாளர் அறைக்கு நேர் எதிரே, அவர் பார்வையில் படாமல் யாரும் சீட்டுப் போட முடியாதபடி. வைத்தவருக்கு ஒரு சல்யூட்.

அடித்தார்களா என்று கேட்பீர்கள். இல்லை என்றான். ஆனால் ஒவ்வொரு தடவையும் அக்கா அவன் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. 2022 டிசம்பர் 31 அன்று செங்கல்பட்டு அரசு இல்லத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் அடிபட்டுச் செத்தான், இல்ல ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். அதற்குப் பிறகு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை ஒரு நபர் குழுவாக நியமித்து, தமிழ்நாட்டு இல்லங்களை எப்படிச் சீர்செய்வது என்று அறிக்கை கேட்டது, 2023இல் அவர் கொடுத்தும்விட்டார். பேட்டரி திருடியதாகப் பிடிக்கப்பட்ட பிள்ளை, இரண்டே நாள். நம் பையன் உள்ளே இருந்த பத்து ராத்திரியும் எனக்கு அந்தச் செய்திதான் ஓடிக்கொண்டிருந்தது. பராமரிப்பவரே குழந்தையைக் கொடுமைப்படுத்தினால் 75ஆம் பிரிவு, இல்லத்தில் ஒழுங்குக்காக என்று அடித்தாலும் 82ஆம் பிரிவு என்று சட்டத்தில் எழுதியிருப்பது ராத்திரி ஒரு மணிக்குத் தூக்கம் வரவழைக்காது. போனால் ஒரு நாள்கூட விடாமல் பார்க்கப் போங்கள், அனுமதித்த நாளெல்லாம் போங்கள். வீட்டு ஆட்கள் வந்து போகிற பையன் என்று ஊழியர்களுக்குத் தெரிய வேண்டும்.

நன்னடத்தை அலுவலருக்கு மூன்று. நல்ல மனிதர், வெயிலில் பஸ் பிடித்து வந்தார், அக்கா வீட்டையும் என் வீட்டையும் பார்த்தார், ஐடிஐ வருகைப் பதிவுகூடக் கேட்டு வாங்கினார். சமூக விசாரணை அறிக்கை என்று அதற்குப் பெயர், இரண்டு வாரத்துக்குள் கொடுக்க வேண்டியது, ஒன்பதே நாளில் கொடுத்தார், அறிக்கையும் நியாயமாக இருந்தது. ஆனால் எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, "இந்தப் பையன் எப்படி, ஒரு கேஸ் விஷயமா வந்திருக்கேன்" என்று கேட்டிருக்கிறார். வாட்ஸப் சித்தி செய்யாமல் விட்ட பாக்கியை அவர் செய்து முடித்தார். இப்போது தெருவுக்கே தெரியும்.

வழக்கு எப்படி முடிந்தது? திருட்டுக்கு அதிகபட்சம் மூன்று ஆண்டு, அதனால் இது சட்டக் கணக்கில் சிறு குற்றம். சிறுவன் மட்டும் தனியாகச் செய்த சிறு குற்றமாக இருந்தால் எஃப்ஐஆரே போடக் கூடாது, ஸ்டேஷன் பொது நாட்குறிப்பில் எழுதினால் போதும். கூட ஒரு பெரியவன் இருந்ததால் எங்களுக்குப் போட்டார்கள். விசாரணையை நாலு மாதத்தில் முடிக்க வேண்டும், அதிகபட்சம் இன்னும் இரண்டு மாதம் நீட்டலாம், அதற்குள்ளும் முடியாவிட்டால் சிறு குற்ற வழக்கு தானாகவே முடிவுக்கு வந்துவிடும். எங்களுக்கு அவ்வளவு தூரம் போகவில்லை. பைக்கின் சொந்தக்காரர் இரண்டு வாய்தா வரவில்லை, மூன்றாவதுக்கு வந்தார், ஐந்தாவது மாதம் அறிவுரை சொல்லி வீட்டுக்கு அனுப்பும் உத்தரவு வந்தது. நாளைக்கு வேலைக்கோ பாஸ்போர்ட்டுக்கோ போனால் இது குறுக்கே நிற்குமா என்று அக்கா கேட்டாள். 24ஆம் பிரிவைக் காட்டினார் வக்கீல்: இதனால் எந்தத் தகுதியிழப்பும் கிடையாது, அப்பீல் காலம் போன பிறகு பதிவேடுகளையே அழிக்க வேண்டும்.

அந்த இன்னொருவன் 19 வயதும் இரண்டு மாதமும். ஒரே பைக், ஒரே ராத்திரி. பெரியவர் வழக்கோடு சிறுவர் வழக்கைச் சேர்த்து விசாரிக்கக் கூடாது என்பதால் அவன் வழக்கு வேறு கோர்ட்டில். 18இலிருந்து 21 வரை உள்ளவர்களைப் பெரிய கைதிகளோடு சேர்க்காமல் வைக்க நம் மாநிலத்தில் பார்ஸ்டல் பள்ளி என்று வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு ஒன்று உண்டு, அங்கேதான் வைத்தார்களாம். அவன் அம்மா இஸ்திரி வண்டி போட்டிருக்கிறார். ஜாமீன் காகிதம் காப்பி எடுக்க என் கடைக்கே வந்தார், அந்த டீக்கடை ஆளிடம் ஏற்கெனவே 10,000 கொடுத்திருந்தார். காவலில் இருக்கிற யாருக்குமே இலவச வக்கீல் உண்டு, வயது தடையில்லை என்று 15100ஐ எழுதிக் கொடுத்தேன். காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், இவ்வளவு நாள் யாரும் சொல்லவில்லையே என்றார்.

ஒரு பாக்கி மட்டும் இருக்கிறது. அன்று ராத்திரி அவனிடமிருந்து வாங்கி வைத்த போன் இன்னும் ஸ்டேஷனில். மூன்று தடவை போயாகிவிட்டது, இன்ஸ்பெக்டர் வரட்டும் என்கிறார்கள். கிடைத்தால் இங்கேயே வந்து எழுதுகிறேன், ஸ்டாரைக் கூட்டுவதா வேண்டாமா என்று அப்போது பார்க்கலாம்.